ஆட்டிச விழாவில் ஆட்டிசம் உள்ளவர் உட்கார முடிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2-ஐ ஒட்டி ஆண்டுதோறும் நம் ஊர்களில் நடக்கும் விழாக்களின் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. ஆட்டிசம் என்பது ஒலி, ஒளி, தொடுதலை உணரும் விதமும் பிறரோடு பழகும் விதமும் பிறவியிலேயே வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை. வாசலில் மேளம், மேடை முழுக்க நீல நிற சீரியல் விளக்கு, ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், பொன்னாடை, பூமாலை, பிரமுகர்கள் வரிசை. படத்தின் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஒரு சிறுவனோ சிறுமியோ நிற்பதையும் பல படங்களில் பார்க்கலாம். யாருக்காக விழா எடுக்கிறார்களோ அவரால் அந்த மண்டபத்தில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை என்பதுதான் அந்தப் படம் சொல்லும் உண்மையான செய்தி.

நடத்துபவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், ஆட்டிசம் உள்ளவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து, பேசி, முடிவெடுக்கக்கூடிய கூட்டத்தை எப்படி நடத்துவது என்ற அறிவு ஏற்கெனவே இருக்கிறது. அவர்களே உருவாக்கி, ஆண்டுக்கணக்கில் நடத்திப் பார்த்துச் செப்பனிட்ட முறை அது. ஜூன் 18 ஆட்டிசப் பெருமை நாளுக்கும், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளுக்கும் ஏற்பாடு செய்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அதை விரிவாக எழுதுகிறேன்.

1992-ல் அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேர், கேத்தி லிஸ்னர் கிராண்ட் ஆகியோரும் ஆஸ்திரேலியரான டோனா வில்லியம்ஸும் சேர்ந்து ‘ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மூவருமே ஆட்டிசம் உள்ளவர்கள். மறு ஆண்டு டொராண்டோ மாநாட்டில் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள், நாங்கள் இங்கேதான் உயிரோடு இருக்கிறோம் என்ற பொருளில் பேசிய பேச்சு இந்த இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. பெற்றோர்களும் நிபுணர்களும் நடத்திய மாநாடுகளின் இரைச்சல், நெரிசல், ஓயாத கைகுலுக்கல் எல்லாம் இவர்களைப் படுத்தி எடுத்தன. எனவே 1996-ல் நியூயார்க் மாநிலத்தின் கனன்டைக்வா பகுதியில் ஒரு முகாமிடத்தை எடுத்துத் தாங்களே ஒரு கூட்டம் நடத்தினார்கள். அதன் பெயர் ‘ஆட்ரீட்’. அதைப் பின்பற்றி இங்கிலாந்தில் 2005-ல் ‘ஆட்ஸ்கேப்’ தொடங்கியது. வாய்ப்பு எல்லாவற்றுக்கும் உண்டு, வற்புறுத்தல் எதற்கும் இல்லை என்பதே ஆட்ரீட்டின் அடிப்படை விதியாக இருந்தது. உரையைக் கேட்கலாம், கேட்காமல் வெளியே போய் மரத்தடியில் உட்காரலாம். கையை உதறலாம், முன்னும் பின்னும் ஆடலாம். அங்கே யாரும் காரணம் கேட்டதில்லை.

ஆட்டிசம் உள்ளவர்கள் கூடிப் பேசி ஒரு காரியத்தை நடத்த முடியுமா என்ற ஐயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2020-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில் 72 பேரை எட்டெட்டுப் பேர் கொண்ட வரிசைகளாகப் பிரித்து, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லச் செய்தார்கள். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையைப் போலவே கதை நன்றாகக் கடந்து சென்றது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. 311 பேரை வைத்து 2025-ல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று வகை வரிசைகளுக்கும் இடையே வேறுபாடே தென்படவில்லை. இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசை சளைக்கவில்லை என்பது இரண்டிலும் மாறவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதலில் நேரம். நம் விழாக்களில் மிக அதிகமாகத் துன்பம் தருவது சத்தத்தைவிடக் காத்திருப்புதான் என்பது என் கருத்து. அழைப்பிதழில் 10 மணி என்று இருக்கும், சிறப்பு விருந்தினர் வர 11.45 ஆகும். அடுத்து என்ன நடக்கும் என்று மனதில் வரிசைப்படுத்தி, அதற்கேற்பத் தன் பலத்தைச் சேமித்துக்கொண்டு வந்தவருக்கு அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்திலேயே அன்றைய பலம் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து வர முடிவதில்லை. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இதற்கு வழி மிக எளிது: விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நிமிடத்தில் தொடங்குவது, தாமதமாக வருபவர் அடுத்த இடைவேளைக்குப் பிறகு பேசுவது. இதை அழைக்கும்போதே விருந்தினரிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது.

இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒரு விவரத்தாள் அனுப்பப்பட வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து மண்டபம் எப்படித் தெரியும், வாசல், செருப்பு விடும் இடம், அரங்கு, கழிப்பறை, அமைதி அறை ஆகியவற்றின் படங்கள் அதில் இருக்க வேண்டும். படங்களை ஆள் இல்லாத நேரத்திலும் எடுக்கலாம், ஆனால் கூட்டமாக இருக்கும்போது எடுத்த ஒன்றாவது சேர வேண்டும். இல்லாவிட்டால் காலி மண்டபத்தை எதிர்பார்த்து வருபவர் வாசலிலேயே திகைத்து நின்றுவிடுவார். யார் எத்தனை நிமிடம் பேசுவார், எப்போது மைக் இருக்கும், சாப்பாட்டில் என்னென்ன, இடையில் கிளம்புவது எப்படி என்பதும் வேண்டும். திட்டம் மாறினால் எங்கே தெரியும் என்பதையும் எழுத வேண்டும்: நுழைவாயிலில் ஒரு பலகை, அதே நேரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. மேடையிலிருந்து வாயால் மட்டும் அறிவிப்பது போதாது, அந்தச் சத்தத்தில் பலருக்குச் சொற்கள் பிரிந்து கேட்பதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, நம் கல்யாண மண்டபங்களில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: மணமகன் அறை, மணமகள் அறை. இவைதான் அமைதி அறைகள். இரண்டு அறைகள் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒருவருக்கு நிம்மதி என்பது முழு அமைதியும் அரை இருட்டும். இன்னொருவருக்கு நிம்மதி என்பது குதிப்பதும், முனகுவதும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதும். இருவரையும் ஒரே அறையில் விட்டால் இருவருக்கும் பயனில்லை. அதனால் ஒன்று சத்தமில்லா அறை, மற்றது அசைவு அறை. அரங்குக்கும் சத்தமில்லா அறைக்கும் இடையே இரண்டு சுவர்களாவது இருப்பது நல்லது. சமையற்கட்டுப் பக்கம் இருக்கவே கூடாது. 50 பேர் கூடும் இடத்தில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்காரும் அளவு இடம் வேண்டும். பாய்கள், சுவர் பார்த்துப் போட்ட நாற்காலிகள், ஜன்னலுக்குக் கனமான துணி, குடிநீர் இவை போதும்.

இந்த அறை கெட்டுப்போவது எப்படி என்பதைத் தெரிந்துகொள்வது அமைப்பதைவிட முக்கியம். பத்தரை மணிக்குள் பொன்னாடைப் பெட்டிகளும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் அங்கே அடுக்கப்படும். பிறகு யாராவது செல்போனில் வீடியோ பார்ப்பார்கள். பிறகு அரட்டை. அப்புறம் அன்பான தொண்டர் ஒருவர் உள்ளே வந்து “என்னம்மா ஆச்சு, ஏன் தனியா உட்கார்ந்திருக்கே?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியோடு அறையின் பயன் போய்விடுகிறது. ஆகவே வாசலுக்கு வெளியே ஒருவரை நிறுத்த வேண்டும். அவர் வேலை உள்ளே போகாமல் இருப்பதும், மற்றவர் பொருள் வைப்பதைத் தடுப்பதும்தான். கதவை வெளியிலிருந்து பூட்டக் கூடாது. அடம்பிடிக்கும் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் அறையாக அதை யாரும் பயன்படுத்தவும் கூடாது. ஒருமுறை தண்டனை அறையாகிவிட்டால் அதன்பின் யாரும் அங்கே ஓய்வுக்குப் போக மாட்டார்கள்.

சத்தத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். மண்டபத்துக்கு டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், உயரமான கூரை. பேச்சு எதிரொலித்துக் குழம்புகிறது. பின்வரிசையில் “கேட்கல” என்கிறார்கள். ஆபரேட்டர் ஒலியைக் கூட்டுகிறார். பேச்சு எவ்வளவு கூடுகிறதோ எதிரொலியும் அவ்வளவு கூடுகிறது. சத்தம் ஏறுகிறது, தெளிவு ஏறுவதில்லை. மறுபடி கூட்டுகிறார். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். இத்தகைய மண்டபத்தில் ஓரளவு தூரத்துக்கு மேல் அது குறைவதே இல்லை. பின்னால் போய் உட்கார்ந்தவருக்கும் தப்பிக்க வழியில்லை.

செய்ய வேண்டியது நேர்மாறானது. மைக்கை வாயிலிருந்து மூன்று நான்கு விரல் தூரத்தில் பிடிக்க வேண்டும். கீழ் ஒலியை, அதாவது பாஸை, நன்றாகக் குறைக்க வேண்டும், குழப்பத்தில் பெரும்பங்கு அதனால் வருகிறது. மேடைக்கு இருபுறமும் இரண்டு ராட்சசப் பெட்டிகளுக்குப் பதில், சிறிய நான்கைந்து ஸ்பீக்கர்களை ஆட்களுக்கு அருகே, உட்கார்ந்தவரின் காது உயரத்தில் குறைந்த ஒலியில் வைக்கலாம். தரையில் ஜமக்காளம் விரிப்பதும் சுவரில் கனமான திரைத்துணி தொங்கவிடுவதும் உண்மையிலேயே வித்தியாசம் தரும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். கடைசி வரிசையில் 70-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். செல்போன் செயலிகள் துல்லியமாகக் காட்டாவிட்டாலும், 65-ஆ 90-ஆ என்பதைச் சொல்லிவிடும். “ஹலோ, மைக் டெஸ்டிங்” எல்லாம் ஆட்கள் வருவதற்குள் முடிந்திருக்க வேண்டும். மைக் வீறிடுவது பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு நடப்பதால் நேர்கிறது. ஸ்பீக்கர்களுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு ஒட்டி, அதைத் தாண்டி மைக் போகக் கூடாது என்று சொல்லிவைத்தால் நிற்கும்.

மேளம், பறை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பறையை உயிராக நேசிக்கிற ஆட்டிசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். எந்த இடத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று விவரத்தாளில் போட்டு, திறந்த வெளியில் வைத்துக்கொள்ளலாம். வேண்டியவர் போவார், வேண்டாதவர் விலகியிருப்பார். நுழைவாயிலில் வைத்தால் விலக வழியே இல்லை. ஜெனரேட்டர், கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் இரண்டையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டுத் துண்டோ காகிதமோ வைக்கலாம். காது மூடிகள் பத்து வாங்கி வைப்பது நல்லதுதான், ஆனால் அவற்றை நம்பி ஒலியைக் கூட்டிவிடக் கூடாது. பெட்டியில் 25 டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருந்தாலும் நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. முடி, கண்ணாடிச் சட்டம், தளர்ந்த பட்டை எல்லாம் இடைவெளி விடுகின்றன.

வெளிச்சத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட்தான் முதல் எதிரி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் அது நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. பலருக்குத் தெரியாது, சிலருக்குத் தலையைப் பிளக்கும். செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள், மினுக்கும் விளக்கு பட்டை பட்டையாகத் தெரியும். மலிவான எல்இடிகளிலும் இது உண்டு. அத்தகைய விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பதே நல்லது. விட்டு விட்டு எரியும் சீரியல் செட் வேண்டாம். கல்யாண வீடியோக்காரர்களின் ஃபோகஸ் லைட், கேமரா ஃப்ளாஷ் இரண்டுக்கும் கண்டிப்பான தடை வேண்டும்.

வாசனையைப் பற்றிச் சுருக்கமாக: வாசலில் பன்னீர் தெளிப்பதை நிறுத்துங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். ஃபினாயில் போட்டுக் கழுவுவதை முந்தின நாள் மாலையே முடித்து, இரவெல்லாம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தொண்டர்கள் சென்ட் அடிக்காமல் வரட்டும். சாப்பாட்டிலும் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். இலையில் ரசம் ஓடிப் பொரியலைத் தொட்டுவிட்டால் சிலரால் அதற்குமேல் சாப்பிட முடியாது. தடுப்பு வைத்த தட்டுகளும், எதுவும் கலக்காத வெறும் சோறும், தாளிக்காத தயிர்சாதமும் தனியே இருந்தால் பெரும்பாலானவர் பசியாறிவிடுவார்கள்.

பொன்னாடை. இதை எழுதும்போது நம் மரபைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். பின்னாலிருந்து ஒருவர் வந்து, கழுத்தைத் தொட்டு, ஜரிகை உறுத்தும் துணியைப் போர்த்தி, தோளைப் பிடித்து கேமரா பக்கம் திருப்புவது, தொடு உணர்வு கூர்மையாக உள்ளவருக்கு மரியாதையாக இருப்பதில்லை. முன்னால் வந்து, துணியைக் காட்டி, கையில் கொடுக்கலாம். மாலையும் அப்படியே. கைகூப்பி வணங்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருப்பது எவ்வளவு நல்லது. தொடாமலே முழு மரியாதையும் தரும் வழி அது. கைகுலுக்கலையும் கன்னத்தைக் கிள்ளுவதையும் விட்டுவிட்டு அதற்குத் திரும்பலாம்.

ஆட்ரீட் உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய கருவி வண்ண அட்டைதான். பேசவா வேண்டாமா என்பதை வாய் திறக்காமல் சொல்லும் அடையாள அட்டை அது. முதலில் சிவப்பும் மஞ்சளும் இருந்தன, பச்சை பின்னால் வந்தது. சிவப்பு என்றால் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். மஞ்சள் என்றால் எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும். பச்சை என்றால் எனக்குப் பேச விருப்பம், ஆனால் தொடங்க வரவில்லை, நீங்கள் வந்து தொடங்குங்கள். எந்த வண்ணமும் இல்லாவிட்டால் அவரே பார்த்துக்கொள்வார் என்று பொருள்.

செய்வது எளிது. அடையாள அட்டை உறை, மூன்று வண்ண அட்டை, ஆளுக்கு ஒரு தொகுதி. எங்கே தவறும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். கழுத்துக் கயிற்றில் ஒற்றைக் கொக்கியில் தொங்கும் உறை திரும்பிக்கொள்ளும், பின்பக்கம் இருக்கும் வேறு வண்ணம் தெரியும். சிவப்பு போட்டவர் பச்சையாகக் காட்சி தருவார். உறையின் பின்பக்கத்தை வெள்ளைத்தாள் வைத்து மூடிவிட வேண்டும், இரண்டு மூலையிலும் கொக்கி உள்ள கயிறாக வாங்க வேண்டும். கழுத்தில் கயிறு பட்டால் தாங்காதவர்களுக்குச் சட்டையில் மாட்டும் கிளிப். சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்கள் இருப்பதால் ஒவ்வொரு அட்டையிலும் ‘வேண்டாம்’, ‘தெரிந்தவர் மட்டும்’, ‘வாருங்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

அட்டையை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும்: கலெக்டர், டாக்டர், பெற்றோர், தொண்டர், நிருபர் உட்பட. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் மாட்டினால் அது முத்திரை குத்துவதாகிவிடும். சிவப்பைப் பார்த்ததும் கோபமாக இருக்கிறார் என்றோ, ஆட்டிசம் அதிகம் என்றோ நினைப்பது வழக்கமான பிழை. “ஏன் சிவப்பு போட்டிருக்கே?” என்று கேட்பதும் பேச்சுக் கொடுப்பதுதான். பிள்ளையின் அட்டையைப் பெற்றோர் மாற்றக் கூடாது. தீ விபத்து போன்ற அவசரம் மட்டுமே விதிவிலக்கு. இவற்றைத் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் மேடையிலிருந்து சொல்லி, சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

கைதட்டலுக்குப் பதில், காது கேளாதோரிடமிருந்து எடுத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு: இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பது. பார்வையற்றவர்கள் அரங்கில் இருந்தால், “எல்லாரும் கையசைக்கிறார்கள்” என்று தொகுப்பாளர் ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மேடை. இவ்வளவும் செய்துவிட்டு மேடையில் அதே டாக்டர், அதே பிரமுகர், அதே பெற்றோர் மட்டும் பேசினால், வசதியாக உட்காரவைத்து வாயை மூடச் சொன்னதாகிவிடும். நிகழ்ச்சி நேரத்தில் பாதியாவது ஆட்டிசம் உள்ளவர்கள் கையில் இருக்க வேண்டும். எதைப் பற்றிப் பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் குழுவிலும் அவர்கள் இருக்க வேண்டும். பாட்டுப் பாடவும் ஓவியம் காட்டவும் மட்டும் அழைப்பது இதில் சேராது. டாக்டருக்கு மதிப்பூதியம் உண்டென்றால் அவர்களுக்கும் உண்டு. நாற்பது வயதுக்காரரை ‘குழந்தை’ என்றோ ‘இவன்’ என்றோ சொல்லும் பேச்சாளரை அடுத்த முறை அழைக்க வேண்டாம்.

பேச்சு வராதவர்களும் பேச வேண்டும், அதற்கு ஏற்பாடு தேவை. படங்களைத் தொட்டாலோ தட்டச்சு செய்தாலோ குரல் தரும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ தமிழிலும் பேசும். ஆனால் நிமிடத்துக்குப் பத்துச் சொல் வேகத்தில் தட்டுபவர் 300 சொல் பேச அரை மணி ஆகும். மேடையில் ஏற்றி, “ஏதாவது சொல்லுப்பா” என்று மைக்கை நீட்டினால் அவமானம்தான் மிஞ்சும். கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்ப வேண்டும். அவர் தயார் செய்த உரையைச் செயலியில் சேமித்து வரட்டும். டேப்லெட்டிலிருந்து ஒலிக்கருவிக்கு நேரடியாக ஒரு ஆடியோ கேபிள் இழுக்க வேண்டும். இப்போதைய டேப்லெட்டுகள் பலவற்றில் ஹெட்போன் செருகும் வட்டத் துளை இல்லை, எனவே இணைப்பான் ஒன்றை முன்கூட்டியே வாங்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும். மைக்கை டேப்லெட் அருகே பிடிப்பது கடைசி வழி, அதில் தட்டும் ஒலியெல்லாம் சேர்ந்து கேட்கும். சபையிலிருந்து கேள்வி வந்தால் துண்டுச்சீட்டில் வாங்கி, பதிலுக்கு நேரம் கொடுத்து, அதற்குள் அடுத்தவர் பேசலாம். நிசப்தத்தை யாரும் நிரப்ப வேண்டாம், முக்கியமாக அம்மா அப்பா.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். கருவி மேசையிலோ தாங்கியிலோ நிலையாக இருக்க வேண்டும். மற்றவர் அவர் கையையோ முழங்கையையோ பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கக் கூடாது. 1990-களில் நடந்த சோதனைகளில், அப்படி வந்த சொற்கள் கையைப் பிடித்தவருடையவையாகவே இருந்தன. பிடிப்பவர் அறியாமலே அது நடக்கும். ஒருவரின் குரலை மீட்கிறோம் என்று எண்ணி இன்னொருவரின் குரலை அவர் வாயில் வைப்பதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது.

மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாத அழுத்தத்தில் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் நிலை, வந்தால் என்ன செய்வது என்று தொண்டர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் சுற்றி நிற்கும் ஆட்களைக் குறையுங்கள், ஒருவர் போதும். விளக்கையும் மைக்கையும் அணையுங்கள். தொடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாவியைக் கையில் திணிக்காதீர்கள். குப்புறப் படுக்கவைத்து அழுத்துவது மூச்சை நிறுத்தி உயிரையே பறிக்கும். தலை இடிபடும் இடத்தில் மெத்தென்ற எதையாவது வையுங்கள். கத்தல் நின்றதும் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், உடல் தணிய இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். சத்தமே போடாமல் உறைந்து, பேச்சு நின்றுபோய் உட்காருபவருக்கும் நடப்பது அதுவேதான், அவரைத்தான் எல்லாரும் கவனிக்கத் தவறுகிறார்கள். சிலர் திடீரென ஓடுவார்கள். வெளிவாசலில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். மண்டபத்தின் பின்னால் கிணறு, குளம், வாய்க்கால் இருந்தால் அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒருவர் கட்டாயம்.

இவையெல்லாம் கருணையால் செய்யும் சலுகை என்று நினைப்பவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. தேவையான, தகுந்த மாற்றங்களைச் செய்து தருவதற்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஒய்) விளக்கம் தருகிறது, பிரிவு 3 அதை அரசின் கடமையாக்குகிறது. 2007-ல் இந்தியா ஏற்ற, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 4(3)-வது விதி, தங்களைப் பற்றிய முடிவுகளில் மாற்றுத்திறனாளிகளை அவர்களுடைய அமைப்புகள் வழியே ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. குழந்தைகளும் அதில் அடக்கம்.

கடைசியாகப் பத்திரிகைகளுக்கு. 2007 டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையம், ஆட்டிசம் ஒரு பிள்ளையைக் கடத்திவைத்துக்கொண்டு பணயக் கடிதம் எழுதுவதுபோல விளம்பரங்கள் வெளியிட்டது. அதற்கு முந்தின ஆண்டு ஏரி நீமனும் ஸ்காட் ராபர்ட்சனும் தொடங்கிய, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ‘ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்’ என்ற அமைப்பு மற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகளையும் திரட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த மாதமே விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. ‘கொடிய ஆட்டிசம்’, ‘ஆட்டிசத்தின் பிடியில் சிக்கிய’ என்று நம் தலைப்புகளில் வரும்போதெல்லாம் அதே பணயக் கடிதம் நினைவுக்கு வருகிறது. ஆட்டிசத்தின் சின்னமாகப் போடும் ஜிக்சா துண்டுக்கும், அதாவது பொருத்திப் படமாக்கும் புதிரின் துண்டுக்கும், அப்படியொரு வரலாறு உண்டு. 1963-ல் லண்டனில் பெற்றோர் சங்கம் ஒன்று தேர்ந்தெடுத்தபோது அதற்குள் அழும் குழந்தையின் படம் இருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களின் அமைப்புகள் பல இன்று படுத்த எட்டு போன்ற வானவில் நிற முடிவிலிக் குறியைப் பயன்படுத்துகின்றன. படம் போடும்போது அதைப் போடுங்கள்.

புகைப்படத்துக்கான சம்மதம், கூட்டத்துக்குப் பெயர் கொடுப்பதிலிருந்து தனியானது. அரங்கின் ஒரு பகுதியைப் படம் எடுக்கக் கூடாத பகுதியாகக் கயிறு கட்டிப் பிரித்திருந்தால் நிருபர்கள் மதிக்க வேண்டும். காதைப் பொத்தி நிற்கும், அழும், தரையில் உருளும் பிள்ளையின் படம் எந்தச் சம்மதம் இருந்தாலும் வேண்டாம். அந்தப் பிள்ளை பெரியவராகி வேலை தேடும்போதும் அது இணையத்தில் இருக்கும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் டிசம்பர் 3 விழாவுக்கு ஒலி, ஒளி, பந்தல் ஒப்பந்தம் போடுவது விழாவுக்கு முன்பே. குறைந்த ஒலியில் சிறிய ஸ்பீக்கர்கள், மினுக்காத விளக்கு, இரண்டு தனி அறைகள், ஆடியோ கேபிள் ஆகிய நான்கையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் விழா நாளில் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது. இதை அக்டோபருக்குள் செய்தியாக வெளியிட்டு நினைவூட்டும்படி தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
திருச்சிராப்பள்ளி